ஓரெக்சினும் உங்கள் சிரிப்பும்

அன்பு மதினி,

இன்று பெரம்பலூரில் என் மருந்துக்கடைக்கு வந்த கம்பெனிக்காரர் தூக்கத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஓரெக்சின் என்றொரு பெயர். மூளையில் சுரக்கும் சின்னஞ்சிறு புரதத் துணுக்காம். நம்மை விழிப்பாக வைத்திருக்கிறதாம்; மனநிலையிலும் ஞாபகத்திலும்கூட அதற்குப் பங்கிருக்கலாம் என்று ஆராய்கிறார்களாம். அது வற்றிப்போனவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள், வாய்விட்டுச் சிரித்தால் கைகால் துவண்டு விழுவார்கள் என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த டாக்டரும் உங்களுக்குப் பெயர் சொல்லாத நோயாயிற்றே இது!

தொண்ணூற்றெட்டு வாக்கில், லப்பைக்குடிக்காட்டு வீட்டில், சவுதியிலிருந்து அண்ணன் பேசி அனுப்பும் கேசட்டைப் போட்டால் பாதியிலேயே சரிந்துவிடுவீர்கள். புருஷன் ஏக்கம் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். ஓதிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், "இனிமே கேசட்டு அனுப்ப வேணாம்னு அவன்ட்ட சொல்லிடறேன்" என்றார். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை. உங்களுக்கென்று அண்ணன் குரல் வந்தது அதில்தானே.

எனக்கு ஒரு சந்தேகம். அண்ணன் தொண்டை அடைக்கப் பேசும் இடத்தில் நீங்கள் விழுவதில்லை. தன் சவுதி முதலாளியைப் போலப் பேசிக் காட்டும் இடத்தில்தான் விழுகிறீர்கள். சோதித்துப் பார்க்காமல் இருப்பேனா? ஒரு மத்தியானம் அம்மாவின் எதிரிலேயே, அவர் மீன்காரரிடம் பேரம் பேசுவதை நடித்துக் காட்டினேன். சிரித்தீர்கள், முழங்கால் மடங்கியது, அரிசி மூட்டை மேல் சாய்ந்தீர்கள்.

"என்னடி இது, கேசட்டு இல்லாமயே வுழுந்துட்டா?"

"ஏக்கம் இல்லம்மா. மதினி சிரிச்சாத்தான் வுழுவுறாங்க."

 அம்மா பாயை விரித்துத் தலையணையைப் போட்டார். "அப்ப படுத்துக்கிட்டே கேளு, தாயி."

விழுந்து கிடக்கும்போது என்ன தெரியும் என்று உங்களைக் குடைந்தேன். "எல்லாம் காதுல கேக்கும். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்" என்றீர்கள்.

விழப் பயந்து சிரிப்பையே ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு என்கிறது புத்தகம். நானாக இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன். நீங்கள் மட்டும் ஏன் ஒதுக்கவில்லை? எங்களை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது, இனி யாரிடம் கேட்பது? நான் ஏதாவது வேடிக்கை சொல்ல வாயெடுத்தால், ஓடிப்போய்ச் சுவரோரம் சாய்ந்து உட்காருவீர்கள். காலை நீட்டிக்கொண்டு, "ம், இப்ப சொல்லு" என்பீர்கள்.

விழுந்தாலும் சிரிக்க வேண்டும் என்கிற அந்த ஆசை மூளையில் எங்கே சுரக்கிறது, மதினி? புத்தகத்தைக் கடைசிவரை புரட்டிவிட்டேன், இல்லை.