வெறும் குடுவையிலும் ஒரு பட்டை

மார்ச் 3, செவ்வாய்
இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு வாண்டு மன்னிக்கட்டும். இப்போதுதான் தூங்கினான். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். "அவன் நல்லாத்தான் மூச்சு விடுறான். நீதான் விட மாட்டேங்குற," என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

பதிமூன்றாம் தேதி எங்கள் ஆய்வுக் கட்டுரை பத்திரிகைக்குப் போகிறது. அது வெளிவந்தால் ஆய்வகத்தில் வேலை நீளும். இல்லையென்றால் ஜூனோடு வேலை முடிந்து வீடு.

மார்ச் 4
மறந்துவிட்டேன். மண்டு, மண்டு.

எங்கள் கிருமி மனித செல்லுக்குள்ளேயே குடியேறுவது. நேராக வளர்த்தால் ஆபத்து. அதனால் அதன் ஜீனைச் சாதுவான குடல் பாக்டீரியாவுக்குள் வைத்திருக்கிறோம். ஜீனை முடுக்கும் மருந்தைப் போட்டால், கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் வாசல் புரதத்தை இது செய்து தரும். மருந்தைக் கையில் எடுத்தேன், இவர் போன். "வாண்டுக்கு உடம்பு சுடுது." குப்பியை ஐஸிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

பல் முளைக்கிறதாம். அவ்வளவுதான்.

மார்ச் 6
மருந்தே போடாத குடுவையிலிருந்தும், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதே பட்டை. அதே இடம், அதே தடிமன். சந்தோஷப்படணுமா?

குடல் பாக்டீரியாவுக்குச் சொந்தமாகவும் வாசல் புரதம் உண்டு. எடையும் ஏறக்குறைய இதேதான். அப்படியானால் இத்தனை மாதமாக நாங்கள் சுத்தம் செய்தது யாருடைய வாசலை? ஜீன் இல்லாத பாக்டீரியாவை ஒப்புக்குக்கூட ஒருத்தரும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச் 9
ஆய்வகத் தலைவி மேடத்திடம் சொன்னேன். "மருந்து போடலேன்னாலும் கொஞ்சம் புரதம் கசியும்மா. தெரியாதா உனக்கு?"

கொஞ்சமா அது?

"குழந்தை பொறந்ததுலேருந்து உனக்கு எதைப் பாத்தாலும் பயம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். எதுக்குத் தலையாட்டினேன்? படிச்சு என்ன, பட்டம் வாங்கி என்ன. வாயில் பூட்டு.

மார்ச் 10
ஜீனே இல்லாத பாக்டீரியாவை வளர்க்க வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்
பட்டை இருக்கிறது.

குயில் குஞ்சு என்று நம்பி, காக்கைக் குஞ்சைத்தான் கூவச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இவரிடம் சொன்னேன். "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஜூனுக்கப்புறம்?"

"தெரியல."

இவர் வாண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எழுது. இவன் மூச்சை நான் எண்ணிக்கிறேன்."

அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

மேடம், ஜீன் இல்லாத பாக்டீரியாவிலும் அந்தப் பட்டை வருகிறது. ஜெல் படம் இணைத்திருக்கிறேன். நாம் அளந்தது நம் கிருமியின் புரதம் என்று இனிச் சொல்ல முடியாது. இது பயத்தில் சொல்வது அல்ல. நாளை கட்டுரை போவதற்குள் சீக்கிரம் பதில் போடுங்கள்.