லாச்சிக்கு மேல் இருந்த படம்

என் அன்பு அம்மாவுக்கு, எங்களிடம் அழகாகப் பொய் சொன்ன அம்மாவுக்கு,

நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. நீங்கள் ஆறு வருடம் வீட்டு வேலை செய்த குவைத்தை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு, இப்போது அங்கே இருக்கும் தம்பி டிக்கெட் அனுப்பியிருந்தான். ஐம்பதை நெருங்கும் எனக்கு அதுதான் முதல் விமானம்.

"ரோட்டுல ஒரு துண்டுக் கடுதாசி கெடக்காது. வீடெல்லாம் கண்ணாடி. கடலு பத்து நிமிசம்" என்று இரத்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களுக்கெல்லாம் கதை சொன்னீர்களே. ரோடு சுத்தம்தான். யார் சுத்தம் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. தம்பியின் எட்டாம் மாடியிலிருந்து குனிந்து பார்த்தால், வெயில் ஏறுமுன்பே வாளியும் துணியுமாக வரிசையாய்க் கார் துடைக்கும் ஆட்கள் தெரிவார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு தெருவில் ஒருவரும் நடப்பதில்லை. ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. பக்கத்து வீட்டில் யார் என்று தம்பிக்கே தெரியாது.

சுப்பர் மார்க்கட்டில் குடும்பங்கள் முன்னால் நடக்கின்றன. குழந்தையையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பின்னால் வருகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நான்காம் நாள்தான் கவனித்தேன், நானும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிக்கும் அவன் மகளுக்கும் எனக்கும் பின்னால் புஷ்பா வந்துகொண்டிருந்தாள்.

புஷ்பா தம்பி வீட்டில் வேலை செய்பவள். எங்கள் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலக்காரி. இரண்டு வருடத்துக்கென்று வந்தவள், அது முடிந்து ஐந்து மாதம். ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்குகிறது. துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நீங்கள் எங்கே படுத்தீர்கள், அம்மா?

"அக்கா, நீங்க சொன்னா கேப்பா. ஒரே பக்கத்து ஆளுங்க. வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் ஆறு மாசம் இருக்கச் சொல்லுங்க" என்றான் உங்கள் மகன். டிக்கெட் எதற்கு வந்தது என்று அப்போது விளங்கியது. விளங்கியும் போய்ச் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலில், பொறுமை, கடமை என்றெல்லாம் சொன்னேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புஷ்பா நிமிரவில்லை. "ஒங்க லீவு எப்ப முடியுதுங்கக்கா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"பாஸ்போட் ஒங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப நீங்க போயிருவீங்க." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "என்னோடத ஒருக்கா கண்ணால பாத்தாப் போதும். இருக்கான்னு."

எனக்கு உங்கள் ட்ரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு அதைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள் இருந்த குடியுரிமைக் கடுதாசியை எடுப்பீர்கள். படிக்கத் தெரியாது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைப்பீர்கள். "இது இல்லாமத்தான் ஒங்க பெரிய மாமாவ இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனாங்க" என்பீர்கள். தம்பியும் என் பக்கத்தில்தான் குந்தியிருப்பான். அவனும்தானே கேட்டான்?

அவன் வீட்டு ஹோலில் உங்கள் படம் இருந்தது. பிளாஸ்டிக் மல்லிகை மாலை, சின்னதாய் ஒரு மின்விளக்கு. அதன் கீழே அலுமாரி, அலுமாரியில் இழுத்துத் திறக்கும் ஒரு லாச்சி. "பாஸ்போட் எங்க?" என்று கேட்டதும் லாச்சியைக் காட்டிச் சிரித்தான். "அம்மா பாத்துக்குவாங்க."

"எடுத்து அவகிட்டக் குடு."

"அக்கா, இங்க எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்க. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"அவளுக்குப் பத்திரமா, ஒனக்கா?"

"அம்மாவோடதும் அந்த வீட்டுக்காரிகிட்டத்தான் இருந்துச்சு, ஆறு வருசம். செத்தா போனாங்க? அதுலதானே நீங்க கெம்பஸ் போய்ப் படிச்சீங்க."

என்னிடம் நீங்கள் அதைச் சொன்னதே இல்லை. அவனிடம் எப்போது சொன்னீர்கள்? எந்தக் குரலில் சொன்னீர்கள்? ஊரில் நடக்கிற சாதாரண விஷயம் போலச் சொல்லிச் சிரித்தீர்களா? அதனால்தான் அவன் அதை வழக்கம் என்று எடுத்துக்கொண்டானா? அவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

நானே லாச்சியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்தேன். புஷ்பா ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினாள். தன் படத்தைப் பார்த்தாள். "அப்ப நல்லா மெலிஞ்சிருக்கேன்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அவள் இல்லாமல் ஏறமாட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விமானம் நான் இல்லாமல் போனது. பள்ளிக்கூட அதிபருக்கு ஃபோன் செய்து லீவை நீட்டினேன். தம்பி பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவள் போவதற்கான அலுவல்களை அவனே முடித்தான், மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லாமல்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்ந்ததும் புஷ்பாவும் நானும் பக்கத்துப் பக்கமாகக் கடலுக்கு நடந்தோம். ஒன்பது நிமிடம். இரண்டரை வருடத்தில் அவள் அந்தக் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். நீங்கள் போனீர்களா, அம்மா? பத்து நிமிடம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

வரும்போது உங்கள் படத்தைச் சேலையில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். மாத்தளையில் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கீழே லாச்சி எதுவும் இல்லை. புஷ்பாவின் மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம்.

போன கிழமை தம்பி குவைத்திலிருந்து ஃபோன் எடுத்தான். "அம்மா படம் எங்க அக்கா?"

"பத்திரமா இருக்கு" என்றேன்.

டிசம்பர் லீவுக்கு அவன் மகள் வருவாள். நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டதை அவளுக்கு நான் சொல்வேன், சிரிக்காமல் சொல்வேன். உங்கள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கடுதாசியையும் அவள் கையில் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மூத்த மகள்