மட்டி ஒட்டிய பலகை

அன்புள்ள பூரணத்துக்கு,

சாமித்தம்பி எழுதுவது. நான் சுகம். தேற்றாத்தீவில் நீயும் மாமியும் சுகமாயிருக்க அம்மாள் துணை. மாமியின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

எங்கிருந்தோ வந்த சின்ன மட்டி இந்தப் படுவான்கரைக் குளத்தில் பெருகி மதகை அடைக்கிறது என்று எழுதியிருந்தேனே. தண்ணீரில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் ஒட்டும் மட்டியை மாதாமாதம் எண்ணுவதுதான் என் வேலை. தையில் நாற்பது, மாசியில் முந்நூறு. "மட்டி குறைஞ்சா நீ ஊருக்குப் போகலாம்" என்று ஓவசியர் சொல்லியிருந்தார்.

பங்குனியில் பலகையில் ஒன்றுகூட இல்லை. ஓவசியருக்குச் சந்தோஷம். "இனி மதகைச் சுரண்டத் தேவல்ல" என்றார். அந்தத் தண்ணீரை நம்பித்தானே கீழே வயல் வட்டையெல்லாம் கிடக்கிறது? வாய் பொறுக்கவில்லை. "ஐயா, நம்மட தோணியச் சுரண்டுற பழக்கத்தில பலகையையும் சுரண்டிப்போட்டன்" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். பயப்படாதே, வேலை போகவில்லை. புதுப் பலகை போட்டிருக்கிறோம். ஆவணி முடியும் மட்டும் இங்கேதான்.

கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடு. ஒரு பன்பாயும் வேண்டும். புதிது வாங்காதே, நாம் படுத்ததையே அனுப்பு.

கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் மாடு பூட்டிவிட்டார். இனி எழுதுவதை மாமிக்கு வாசித்துக் காட்டாதே. பழக்கம் என்று ஓவசியரிடம் சொன்னது பொய், பூரணம். எண்ணுகிற பலகை என்று தெரிந்துதான் சுரண்டினேன். உன்னிடம் வந்துவிடலாமென்று.

சாமித்தம்பி