ஆயுத பூஜைக்குக் குளித்த மிக்ஸி

செப்டம்பர் 9, செவ்வாய்

மிக்ஸி ஜாரை இன்று முழுதாகக் கழற்றிக் கழுவினேன். இதை என் கையாலேயே எழுதிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. எழுபது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்து கற்றவன் நான். பக்கத்து வீட்டுச் சந்திரலேகாதான் சொன்னது: "தெனம் நாலு வரி எழுதுங்க மாமா, இல்லாட்டி கை மறந்துடும்." எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காரும்போது ஒரு குஷி.

ஜாருக்குள் பிளேடுக்கு அடியில் பருப்பு ஒட்டிப் புளித்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரி ராசம்மாளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் கூழாக அரைத்துத்தான் ஊட்ட வேண்டும். சின்னத் திப்பி இருந்தாலும் புரையேறும். வெந்நீர் விட்டு ஒரு சுற்று ஓட்டினேன். மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன்.

கட்டிலிலிருந்து அவள், வாய் குழறி: "புதுப் பொண்டாட்டியா அது? இத்தினி நேரமா குளிப்பாட்றீங்க."

செப்டம்பர் 14, ஞாயிறு

மகள் கயல்விழி வந்தாள். மருமகனுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ். மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் அந்த வீட்டில்தான். வந்ததும் ஜாரை எடுத்து மோந்து பார்த்தாள். அப்படியே திரும்ப வைத்தாள். எனக்குப் பெருமை.

பிறகுதான் சொன்னாள். "அம்மாவ நான் அழச்சிக்கிட்டுப் போறேன்பா. ஒரு கட்டில் போடத்தான் எடம் இருக்கு."

அப்படியென்றால் நான்? "நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

"பாரு. ஆனா ஒருவாட்டி புரையேறிச்சுன்னாலும் அழச்சிக்கிட்டுப் போயிடுவேன். அப்பறம் பேச்சே கெடையாது."

ராசம்மாள் நல்ல கையால் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயல்விழி பஸ் ஏறிப் போன பிறகும் விடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஜாருக்குப் புது வாஷர் போட்டேன். ஒழுகல் நின்றது. அவள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். சந்தோஷம். இந்தச் சொல்லை எழுத வருகிறது, எழுதிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரிசி மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில், இந்த நாளில் மிஷின்களைக் கழுவுகிற வேலை எனக்குத்தான். ஓஸ் பைப்பைப் பிடித்தால் தவிடெல்லாம் கரைந்து ஓடும். மிஷின் பளபளவென்று நிற்கும்.

இப்போது வீட்டில் உழைக்கிற மிஷின் இது ஒன்றுதான். இன்றைக்கு வேண்டிய கூழை விடியலிலேயே அரைத்து எடுத்துக்கொண்டேன். பூஜை போட்ட ஆயுதத்தை இன்று தொடக்கூடாது. பிறகு மிக்ஸியைக் கொல்லையில் வைத்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. கற்பூரம் காட்டினேன்.

"எனக்கும் ஒரு பொட்டு வெய்யிங்க" என்றாள். "நானும் ஓடாத மிஷின்தான்."

வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அக்டோபர் 2, வியாழன்

சுவிட்சைப் போட்டேன். படார் என்றது. அடியிலிருந்து நீலமாக ஒரு வெட்டு, பிறகு புகை. வீடெல்லாம் கருகல்.

மில்லில் நான் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால், மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் வந்து மோட்டார் மேலெல்லாம் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவார். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஏன் மூடுகிறார் என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. என் வேலை தண்ணீர் ஊற்றுவது.

கடைகள் லீவு. சந்திரலேகா வீடு பூட்டிக் கிடக்கிறது, திருவதிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தெருவில் வேறு யாரிடமாவது மிக்ஸி கேட்கலாம். கேட்டால் கயல்விழி காதுக்குப் போகும். கேட்கவில்லை.

சோற்றைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, துண்டில் வடிகட்டினேன். மெல்ல மெல்ல இறங்கியது. சமாளித்துவிடலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஐயோ. என்ன பண்ணிட்டேன்.

கேரட்டையும் கடைஞ்சி போட்டேன். சத்துன்னு நெனச்சேன். எங்கயோ ஒரு திப்பி — கண்ணு ரெண்டும் மேல போச்சு — மொகம் கறுத்துப் போச்சு. முதுகுல அடிச்சேன். ராசம்மா ராசம்மான்னு கத்தினேன். தெருவே வந்துச்சு. ஆட்டோல கடலூர் பெரியாஸ்பத்திரி.

உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சிதம்பரத்துக்குக் கயல்விழி அவளைக் கார் வைத்து அழைத்துப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. "மிக்ஸி கெட்டுப்போச்சுன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லப்பா" என்று மட்டும் கேட்டாள்.

கார் கதவை மூடும்போது ராசம்மாள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோபமா? கழுத்து திரும்பவில்லையா? தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

மஞ்சக்குப்பத்தில் மணவாளன் கடையில் மிக்ஸியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருகாணியைக் கழற்றியவர் என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, சாமி கும்புட்டீங்களா?"

"ஆமாம்."

"உள்ள சந்தனம் இருக்கு. பூஜை முடிஞ்சா எனக்கு இதே கேஸுதான் ஜாஸ்தி. ஈரத் துணிய நல்லாப் புழிஞ்சி, மேலாகத் தொடைக்கணும். அவ்ளோதான்."

மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன்.

"மிக்ஸி ரெடி ஆயிடுச்சும்மா."

"மிக்ஸிக்காக இல்லப்பா" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. கஞ்சி வைத்தேன். எழுத ஒன்றுமில்லை. எதற்கு எழுதக் கற்றேன்?

நவம்பர் 7, வெள்ளி

கயல்விழி போன். "அங்க மிக்ஸில மசாலா அரைக்கிறோம். எத்தினி கழுவினாலும் நெடி போவல. அம்மா இருமிக்கிட்டே இருக்கு. அதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணும்பா."

"வாங்காத. நான் எடுத்தாறேன்" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மிக்ஸியைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். "என்னா பெரியவரே, மாப்ள வூட்டுக்கு மாவாட்டப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆமாம் என்றேன்.

ராசம்மாள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. தலை படிய வாரி, மல்லிகைப்பூ வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேட்டியைப் பிரித்து மிக்ஸியை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான் அங்க வரமாட்டேனா?"

சமையற்கட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. சோறும் பருப்பும் போட்டு அரைத்தேன். விரலால் நசுக்கிப் பார்த்தேன், மறுபடியும் அரைத்தேன். நானே ஊட்டினேன். கிண்ணம் காலியானது. கயல்விழிக்கு வாஷரைக் கழற்றிக் காட்டினேன். மேலுக்குத் துடைக்கப் பிழிந்த துணி போதும், தண்ணீர் ஊற்றாதே என்றேன். "தெரியும்பா" என்றாள், மெதுவாக.

கிளம்பும்போது ராசம்மாள் நல்ல கையை நீட்டினாள். இந்தத் தடவை வேட்டியைப் பிடிக்கவில்லை. "போயி சாப்புடுங்க" என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

மிக்ஸி இருந்த மேடையில் அதன் ரப்பர் கால்கள் நான்கும் கறுப்பு வட்டமாகப் பதிந்திருந்தன. பிழிந்த துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது.

அந்த இடத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்தேன்.