நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மாணவியர் விடுதி
ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே நலம், நீ, அண்ணி, அம்மா எல்லோரும் நலம்தானே? சொன்னபடி கைப்பேசியைக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். இறுதித் தேர்வில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டவள். இனி பரீட்சை முடிகிறவரை கடிதம்தான்.

இந்த வாரம் நரம்புக் காயங்கள், அடுத்து ரத்தமும் எதிர்ப்புச் சக்தியும். வெட்டுப்பட்ட நரம்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால், அது பழைய பாதையிலேயே மறுபடி வளருமாம் அண்ணா! நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். அந்த இருட்டில் யார் அதற்கு வழி சொல்வது? என் கையையே வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்னடி, பரீட்சை பாஸாகுமான்னு ரேகை பாக்குறியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அது இருக்கட்டும். புத்தாண்டு வாழ்த்து அட்டையில் ஏன் கோழி கிளறியது போல எழுதியிருக்கிறாய்? முத்து முத்தாக எழுதுகிறவன் ஆயிற்றே நீ!

உன் வாலு

*

ஜனவரி 12

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? மூன்று வாரத்துக்கு முன் பட்டறையில் பேருந்து இருக்கைக்கு உறை வெட்டும்போது கத்தி வழுக்கி வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. தெருமுனை டாக்டர் தோலைத் தைத்துவிட்டார். காயம் ஆறிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் மரத்துக் கிடக்கிறது. ஊசி குத்தினாலும் வலியில்லை. தையல்காரனுக்கு இதைவிட வரம் உண்டா?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உன் அண்ணி காலையும் மாலையும் ஓதுகிறாள். நீயும் தொடங்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜனவரி 16

அண்ணா,

வரமாம் வரம்! வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடி. அண்ணி மறுமுனையை இழுக்கட்டும். கட்டைவிரல் நுனி மடங்கினால், தாள் நழுவினால், அறுந்திருப்பது நரம்பு. தோலைத் தைத்துப் பயனில்லை. சீக்கிரம் தைத்தால்தான் கை திரும்பும். நாள் ஆக ஆகச் சதை வற்றி விரல்கள் மடங்கிவிடும். பிறகு கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியாது. உடனே போ. காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலு

*

ஜனவரி 21

வாலு,

இழுத்துப் பார்த்தாள். நீ சொன்னபடியே கட்டைவிரல் மடங்கியது, தாள் அவள் கைக்குப் போய்விட்டது. "அட, ஜெயிச்சிட்டேன்!" என்று சிரித்தவள் அடுத்த நிமிடமே அழுதாள்.

ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன். அந்த வாசனை பட்டாலே திரும்பி ஓடிவிடுவேன். ஏன் என்று கேட்காதே. நீ ரத்தம், எதிர்ப்புச் சக்தி என்று மிச்சப் பாடத்தை முடி. என் கை எப்படியோ போகட்டும்.

அண்ணன்

*

ஜனவரி 29

அண்ணா,

பாடத்தை முடித்தேன். முடித்ததும் உனக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ரத்தத்தை நாங்களே கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கும் பயிற்சி இருந்தது. பெண்களின் வெள்ளணுக்களில், நூற்றில் இரண்டு மூன்றிலாவது, மேளக் குச்சி போல ஒரு சிறு குமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்களுக்கு இருக்காது. நான் ஐந்நூறு எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. "மொதல்ல மூக்குக் கண்ணாடிய மாத்தும்மா" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. நேற்று ரத்தப் பாடம் படிக்கையில் அது நினைவு வந்து, மறுபடி விரலைக் குத்தி ஆயிரம் எண்ணினேன். ஒன்றுமில்லை.

இன்று காலை எலும்பு மஜ்ஜை மாற்றும் பாடம். மஜ்ஜை செத்துப்போன பிள்ளைக்கு, பொருந்துகிற உடன்பிறப்பின் மஜ்ஜையை ஏற்றுவார்கள். அது தானே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறும். அப்புறம் ஆயுள் முழுக்க அந்த உடம்பில் ஊறுவது கொடுத்தவரின் ரத்தம். அண்ணன் தங்கைக்குக் கொடுத்தால், அவள் ரத்தத்தில் குமிழ் இருக்காது.

இரண்டு வயதில் நான் மொட்டைத் தலையோடு இருக்கும் படம். "காய்ச்சல்" என்பாள் அம்மா. உன் பின்னிடுப்பில் இரண்டு பக்கமும் தழும்புப் புள்ளிகள். "நாய் கடிச்சது" என்பாய். எந்த நாய் அண்ணா இரண்டு பக்கமும் அளவெடுத்துக் கடிக்கும்?

அம்மாவிடம் கேட்கப் போவதில்லை. நீ சொல்.

வாலு

*

பிப்ரவரி 4

என் தங்கத்துக்கு,

நாய் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊசிக்கு நான் பயப்படவில்லை. அதற்கப்புறம் இருபத்தோரு நாள் நீ கண்ணாடி அறைக்குள் கிடந்தாய். "பையன் ரத்தம் பிடிச்சா பிழைப்பா, இல்லன்னா இல்ல" என்று யாரோ அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. நீ செத்தால் என் ரத்தம்தான் உன்னைக் கொன்றது என்று நினைத்தேன். தினமும் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். நீ பிழைத்தாய். அந்தப் பயம் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று அப்பா சொன்னார்: "அவகிட்ட சொல்லாதடா. அவ உனக்கு அடங்கி வளரக் கூடாது. சரிக்குச் சரி சண்டை போட்டு வளரணும்." அப்பா போன பிறகும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். இத்தனை வருடம் என் முடியைப் பிடித்து உலுக்கினாயே, அப்பா நினைத்தது நடந்தது.

அண்ணன்

*

பிப்ரவரி 8

அண்ணா,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இருபத்து மூன்று வருடமாக உன் ரத்தம் எனக்குள் ஒரு நாள்கூட ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் உன்னிடமே சண்டை போட்டிருக்கிறேன்!

ஆனால் அடங்க மாட்டேன். அப்பா சொல் அப்பா சொல்தான். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் உன் கைக்கு நாள் குறித்தாகிவிட்டது. விடுதித் தொலைபேசியில் அண்ணியிடமும் சொல்லியாயிற்று. நான் வருகிறேன். பரீட்சை அடுத்த வாரம்தான். இந்த முறை கண்ணாடிக்கு வெளியே நிற்பது என் முறை. வராவிட்டால் முடியைப் பிடித்து இழுத்துப் போவேன்.

வாலு

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள டாக்டருக்கு (இனி நிஜ டாக்டர்!),

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையெழுத்தை நீ பார்க்க வேண்டும். பார்த்தாயா, முத்து?

நரம்பு தைத்து ஆறு மாதம். நீ சொன்ன கணக்கில் தினமும் மணிக்கட்டிலிருந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் பட்டறையில் உறை தைக்கும்போது சுண்டுவிரலில் ஊசி ஏறியது. "அம்மா!" என்று அலறினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாலு, வலித்ததடி.

உன் அண்ணன்