கறுப்புப் பாயும் ரஜிதாவின் விளக்குப் படமும்

பிராண்டே

அன்பு மகன் கபிலனுக்கு, தாய்வான் கடலில் நீ கரண்ட் எடுக்கிற காற்றாடிக் கம்பம் ஏறி இறங்கும் நேரமெல்லாம் முருகன் துணை நிற்க வேண்டும். நான் எழும்பி நடமாடுகிறேன், சமைக்கிறேன், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய். அப்பாவின் சப்பாத்தை வாசலில் இருந்து எடுக்க இன்னும் மனம் வரவில்லை. போனில் உன் பெண்சாதி ரஜிதாவின் பேரைச் சொன்னாலே வெட்டிவிடுகிறாய், அஞ்சாம் வகுப்புப் படித்த அம்மாவின் கடிதத்தை வெட்டேலாதுதானே. உங்கள் கப்பலுக்கு வேலைக்கு வருகிற ஜெசிந்தனிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் மகள் சாரங்கி சனிக்கிழமை பிரெடெரிசியாவில் இருந்து வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கிரேக்க ராசாக்களின் கதை படிக்கிறாளாம், பாதி டேனிஷில் பாதி தமிழில் சொன்னாள். ஏஜியஸ் என்று ஒரு ராசா. மகன் தீசியஸ், மாட்டுத்தலை அரக்கனைக் கொல்லக் கறுப்புப் பாய் கட்டின கப்பலேறிப் போகிறான். உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் கட்டி வாறன் என்று சொன்னவன், வென்ற சந்தோசத்தில் மறந்துபோனான். கறுப்புப் பாயைக் கண்ட தகப்பன், பிள்ளை போய்விட்டான் என்று மலையில் இருந்து கடலில் குதித்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டு உன் பிள்ளை அழுதுகொண்டு, அப்பப்பாவை அம்மாவோ கொன்றது, அப்பா போனில அப்பிடித்தானே சொன்னவர் என்று கேட்டாள்.

அப்பா போன அன்றைக்கு நீ இங்கே இல்லை, நான் இருந்தேன். மட்டக்களப்பில் ரஜிதாவின் மாமா செத்த செய்தி அவளுக்கு வந்தது, எங்களுக்குத் தெரியாது. எங்கள் சனம் எல்லாம் சாவுக்குச் செய்கிறதுபோல அவளும் போனில் பேரோடு தெரிகிற படத்தைக் கறுப்பாக்கி ஒரு விளக்கை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் போனைப் பெட்டியில் பூட்டித்தானே வைப்பார்கள். அப்பா அந்தப் படத்தைக் கண்டார். உனக்குப் போன் அடித்தார், நடுக்கடலில் லைன் இல்லை. அவளுக்கு அடித்தார், எடுக்கவில்லை. பொறுங்கோ என்று நான் காலைப் பிடிக்காத குறை. என்ரை பிள்ளைக்கு என்ன நடந்ததோ, நான் பிரெடெரிசியாவுக்குப் போறன் என்று கார்த் திறப்பை எடுத்துக் காரைக் கிளப்பினார். பாதி வழியில் நெஞ்சு நின்றுவிட்டது. அப்போதும் சிக்னல் போட்டு ஒதுக்கித்தான் நிறுத்தியிருந்தார், அந்த மனுசன். நெஞ்சுக் குழாய் எப்போதோ அடைத்துப் போனது என்று டொக்டர் உனக்கும்தானே சொன்னவர்.

ரஜிதா என் காலடியில் இருந்து, படத்தை மாத்தாமல் விட்டிருக்கலாம் மாமி என்று அழுகிறாள். இப்போது அவளுடைய போனில் எந்தப் படமும் இல்லை, வெறும் வட்டம். ஒரு வாய் சோறு ஊட்ட நான் படுகிற பாடு.

பிறகு அந்த மகன் தீசியஸ் என்ன ஆனான் என்று சாரங்கியைக் கேட்டேன். ராசாவானானாம். ஆரோ சொன்ன பொய்யை நம்பி, விசாரிக்காமல் சொந்தப் பிள்ளையைச் சபித்தானாம், பிள்ளை குதிரைகளில் இழுபட்டுச் செத்தானாம். புத்தகத்தில் இருந்ததை அவள் சும்மா வாசித்தாள், நான் பேனையை எடுத்தேன். அந்த வம்சத்துக்குப் பொறுத்து விசாரிக்கத் தெரியவில்லை. அப்பாவும் பொறுக்கவில்லை. நீயும் அப்படி இருக்காதே மகன், உன் ஒரு சொல்லில் இரண்டு பேர் சாகிறார்கள்.

குளிருக்குக் காதை மூடு, கயிற்றை இருமுறை பார்த்துக் கட்டு. பின்னேரம் வேலை முடிந்ததும் ரஜிதா போனை எடுப்பாள், நீ முதலில் கதை. நல்லூர்க் கந்தன் உங்கள் மூவரையும் ஒன்றாக வைத்திருக்கட்டும். கப்பல் தட்டுக்கு மேலே வந்து லைன் கிடைத்ததும் என் போன் படத்தைப் பார். அதில் ரஜிதாவும் சாரங்கியும் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், சாரங்கிதான் மாற்றப் பழக்கினாள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் மகன், அதற்குத்தான் அந்தப் படம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அருமைநாயகி