நாலாம் நாள் நட்ட வயல்

அக்கா,

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பீங்கான் சாமான்களை வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தார்கள். சாமான் உள்ளே போய்விட்டது. வைக்கோல் என் வாசலோரம் நாலு நாளாக மழையில் ஊறுகிறது. நான் இப்போது இருக்கும் பெர்ன்ஹில்லில் யூகலிப்டஸ் வாசம் வரும், விறகுப் புகை வரும். மக்குகிற வைக்கோல் வாசம் வருமா? வருகிறது. ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், மறுபடி சாத்துகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

தேவர்சோலைப் பக்கம் பள்ளத்தில் உங்கள் வயல். சுற்றிலும் மேலே தேயிலை, கீழே ஓடைத் தண்ணீர் பாயும் நெல். நான் வேளாண்மை அலுவலராக வந்த முதல் வருஷம் அது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்து உங்கள் வைக்கோல் கறுத்துப் போயிருந்தது. மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்று இருந்தீர்கள். நான் செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கி, "கொளுத்தாதீங்கக்கா, மடக்கி உழுதுடுங்க, மண்ணுக்கு அதுதான் சோறு" என்று பிரசங்கமே பண்ணினேன்.

"ஏனுங்க மேடம், மாடே திங்காதத மண்ணு திங்குமுங்களா?" என்று சிரித்தீர்கள்.

பாதிப் பேச்சில் மேட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கூடலூருக்கு அதை விட்டால் வேறு பஸ் இல்லை. ஓடினேன். குடையை வரப்பிலேயே மறந்தேன். சொல்லவேண்டிய ஒன்றையும் சொல்லாமல் விட்டேன்: உழுத பிறகு மூன்று வாரமாவது தண்ணீர் கட்டி ஊறவிட வேண்டும், அதற்கு முன் நடக்கூடாது. வைக்கோல் மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் அதுவே எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது.

உங்களிடம் நாற்று தயாராக இருந்தது. நாலாம் நாளே நட்டுவிட்டீர்கள். பதினைந்து நாளில் வயல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. இதே நாற்றம்தான்.

மேலதிகாரி பார்க்க வந்தார். வரப்பு நிறைய அக்கம்பக்கத்து ஆட்கள். "மூணு வாரம் விடணுமே, நீங்க சொல்லலையா?" என்று என்னைப் பார்த்தார். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"மேடம் சொன்னாங்களுங்க. எனக்குத்தான் பொறுக்கலீங்க, நட்டுப்போட்டேன்."

வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் உங்களுக்கு அவசரக்காரி என்று பேர் விழுந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு போகந்தானுங்க போச்சு. உங்களுக்கு வேலையே போயிரும்" என்று என் குடையை நீட்டினீர்கள். ஒரு போகம் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த வருஷம் வீட்டு நெல் போதாமல் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனீர்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பயம், வேறொன்றும் இல்லை.

அடுத்த அறுப்பிலும் நீங்கள் தீ வைக்கவில்லை. மடக்கி உழுது, "இந்தத் தடவையாச்சும் பொறுப்பாளா" என்ற கேலிக்கு நடுவே மூன்று வாரம் காத்திருந்தீர்கள். நாலைந்து வருஷத்தில் உங்கள் மண் கறுத்துக் காலுக்கு மெத்தென்று ஆனது. அறுத்த வயலைக் கிளறினால் மண்புழு நெளிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் கொளுத்துவதை விட்டார்கள். ஆனால் உங்கள் பேர் மட்டும் மாறவில்லை. நான் மாற்றல் வாங்கிப் போய், ஓய்வும் பெற்றேன். தீபாவளிக்குத் தீபாவளி போனில் உங்களோடு ஊர்க்கதை எல்லாம் பேசினேன், அந்த ஒன்றைத் தவிர.

போன வாரம் உங்கள் காரியத்துக்கு வந்தேன். "அவசரக்காரி, போறதுலயும் அவசரம்" என்று யாரோ அன்பாகத்தான் சொன்னார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். உங்கள் மகளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க மேடம். அம்மா சொல்லிருக்குது. 'அவங்களே ஒரு நா வந்து எல்லாத்து முன்னாடியும் சொல்லுவாங்க, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத'ன்னுச்சு. ஒவ்வொரு உழவுக்கும் பஸ் வர்ற மேட்டையே பாத்துட்டிருக்குமுங்க."

பிறகு, "புதன்கிழமை வைக்கோல் மடக்கி உழறோம். எல்லாரும் இருப்பாங்க. வர்றீங்களா?" என்றாள்.

நாளைக்குப் புதன். அதே வரப்பு, அன்று சிரித்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள். நீங்கள் மேட்டைப் பார்த்து நின்ற வருஷங்களை எண்ணிப் பார்க்கிறேன், அக்கா. முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறேன். இந்தத் தடவை எந்த ஹாரன் கேட்டாலும் ஓட மாட்டேன். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பேரை வாங்கிக்கொண்டு வருகிறேன். அவசரக்காரி என்பது அன்றைக்கே என் பேர்தான்.